நீலம் தீர்ந்துபோன மாதம்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. ஐந்தாம் படிவம் வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பாசாருக்குப் போகும்போது சாமான் சீட்டும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கு விடுப்புக் கடிதமும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசச் சொன்னால் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஆனால் போன மாதம் கிள்ளானில், படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றில், பழைய சட்டங்களுக்கு நடுவே சாய்த்து வைத்திருந்த ஓர் அம்மன் படத்தைப் பார்த்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரத் தம்பி பயந்துபோய், "என்னா ஆன்டி, சாமி படத்தைப் பார்த்துச் சிரிக்கிறீங்க?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போன்றவர்கள் எழுத வந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. மற்ற வீடுகளிலும் மாமாக்கள் இருந்தார்கள். ஒருவர் லோரி ஓட்டினார். ஒருவர் தபால் நிலையத்தில் முத்திரை குத்தினார். என் மாமா பேய் வரைந்தார்.

இரண்டு தெரு தள்ளி பாய் ஒருவர் அச்சகம் வைத்திருந்தார். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடைகளுக்கு ரசீதுப் புத்தகம், எது கேட்டாலும் அடித்துக் கொடுப்பார். அவை வயிற்றுக்கு. மனத்துக்கு ஒரு வேலை வைத்திருந்தார்: மாதம் ஒரு பேய்ப் படக்கதைப் புத்தகம். உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை, அட்டை மட்டும் வண்ணம். அந்த அட்டை மாமாவுடையது.

அட்டையை முதலில் வரைய வேண்டும், கதையைப் பிறகுதான் எழுத வேண்டும். இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் வண்ண அட்டை அச்சாகி வர நாள் பிடிக்கும் என்பதால் பாயின் அச்சகத்தில் அப்படித்தான் நடந்தது. கதை எழுதுகிறவர் அட்டையைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற கதையை எழுதுவார். மாமா கிணற்றை வரைந்தால் கதையில் கிணறு வந்தாக வேண்டும். ஒருமுறை மாமா ஏதோ ஞாபகத்தில் பேயின் காலடியில் எங்கள் வீட்டுச் சைக்கிள் பம்பையும் வரைந்துவிட்டார். அந்த மாதக் கதையில் ஒருவன் சைக்கிள் பம்பால் காற்றடித்தே பேயை விரட்டினான். அந்தக் கதை நன்றாக இருந்ததாகப் பலர் கடிதம் எழுதியிருந்தார்கள்.

மாமாவுக்குக் கற்பனையில் முகம் வராது. எதிரில் ஆள் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாய் திறந்து தூங்கும் அப்பாவைப் பிணமாகப் பல தடவை வரைந்திருக்கிறார். அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. கல்லறையிலிருந்து நீளும் கை எப்போதும் என்னுடையது. நகத்தை வெட்டாதே என்று எனக்கு உத்தரவு. பள்ளியில் ஆசிரியை நகம் பார்க்கும் நாளில் நான் அடி வாங்கியது மாமாவின் கலைக்காக. பக்கத்து வீட்டு அங்கிள் ஒரு போத்தல் பீருக்கு ரத்தக் காட்டேரியாக நிற்பார்.

அம்மா மட்டும் ஒத்துக்கொண்டதில்லை. கெட்டிக் கண்ணாடியும் இறுக்கிக் கட்டிய கொண்டையுமாகத்தான் அம்மாவை ஊர் பார்த்திருக்கிறது. மாமா கேட்கும்போதெல்லாம், "தாலி கட்டினவடா நானு. முடியை விரிச்சிப் போட்டுப் பேயா நிக்கணுமா? கிள்ளானுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?" என்பாள்.

கிள்ளான் என்று அம்மா சொன்னது அத்தையை. அப்பாவின் அக்கா. அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். அத்தை சொன்னால் அப்பாவுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நாங்கள் அங்கே போகும்போதெல்லாம் அத்தை, அம்மா கொண்டுபோன பலகாரத்தில் இனிப்பு அதிகம் என்றோ, என் கால்கள் ஒல்லியாக இருக்கின்றன என்றோ, அப்பாவின் சட்டைக் காலர் வெளுக்கவில்லை என்றோ சொல்லுவார். அம்மா "சரிங்க அண்ணி" என்பாள். நானும் அம்மாவைப் போலத்தான். இன்றைக்கும் யாராவது ஏதாவது சொன்னால் முதலில் சரி என்றுதான் வாயில் வருகிறது.

அந்த வருடம் அம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது. அடுத்த வீட்டு அக்கா ஷா ஆலமில் வானொலிப் பெட்டிக்குச் சாமான் செய்யும் பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தார். விடியற்காலையில் பேக்டரி பஸ் எங்கள் வரிசைக் கோடியில் வந்து நிற்கும். அந்த அக்கா பவுடர் பூசிக்கொண்டு, கையில் பையோடு ஏறிப் போவதை அம்மா ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். ஒருநாள் அப்பாவிடம் தானும் போகட்டுமா என்று கேட்டாள். அப்பா நல்லவர். எதற்கும் முடியாது என்று சொல்லமாட்டார். "பார்ப்போம்" என்பார். எனக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன சைக்கிளும் அந்தப் பார்ப்போமில்தான் இருந்தது. "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றார்.

கேட்டோம். அத்தை வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம வீட்டுப் பொம்பளைங்க பேக்டரி பஸ்ல ஏறினதில்ல. சின்னப் புள்ளைய யாரு பார்ப்பா? என் தம்பி சம்பளம் உனக்குப் பத்தலையா?" என்றார். அம்மா "சரிங்க அண்ணி" என்றாள். திரும்பி வரும் ரயிலில் அம்மா ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு மாமா வழக்கம்போல, "அக்கா, இந்த மாசம் பொம்பளைப் பேய். நாளைக்கு பாய்கிட்ட குடுக்கணும். ஒரே ஒரு தடவை நில்லுக்கா" என்றார். அம்மா கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி" என்றாள். மாமாவே எதிர்பார்க்கவில்லை.

ஆனால் நிபந்தனை போட்டாள். யார் நின்றார்கள் என்று வெளியே தெரியக்கூடாது. பொட்டை அழிக்கமாட்டாள். கோரைப் பல் வைக்கக்கூடாது. மாமா தலையில் கை வைத்தார். பல் இல்லாத பேயை பாய் ஒத்துக்கொள்ளமாட்டாரே என்றார். "அப்ப போய் உன் மச்சானை எழுப்பி நிக்க வையி" என்றாள் அம்மா. மாமா ஒத்துக்கொண்டார்.

அடுப்படிப் பின்வாசலில் அம்மாவை நிறுத்தினார். பேய்க்கு வெளிச்சம் கீழிருந்து மேலே வர வேண்டும், அதுதான் பேய் வெளிச்சம் என்பார் மாமா. அந்த வேலை என்னுடையது. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அப்பா முகம் மழிக்கும் கண்ணாடியை மடியில் வைத்து, வெயிலைப் பிடித்து அம்மாவின் தாடைக்கு அடியில் விழச் செய்தேன். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலையை வெட்டும் அரிவாளோடு பேய் வர வேண்டும்; அதற்குப் பதிலாக அம்மா கையில் அகப்பை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்தாள். அம்மாவுக்கு அவ்வளவு முடி இருந்தது எனக்கே தெரியாது.

"கோவமா பாருக்கா."

அம்மா பார்த்தாள்.

"இது பல்வலிக்காரி மூஞ்சி. கோவம், கோவம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. வெளிச்சம் அம்மாவின் மூக்கிலிருந்து கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. மாமா, "ரெண்டு பேரும் விளையாடுறீங்களா? யாரையாச்சும் நினைச்சுக்கோக்கா" என்றார். அம்மா சிரிப்பதை நிறுத்தி, எங்களைத் தாண்டி எங்கோ பார்த்தாள். மாமா வரைய ஆரம்பித்தார். அவருடைய பென்சில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்த எனக்கு, நான் ஒரு தப்பும் செய்யாமலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

முடிந்ததும் மாமா மெதுவாக, "யாரக்கா நினைச்ச?" என்று கேட்டார்.

"யாரையும் இல்ல. சோறு குழைஞ்சிருக்கும்னு நினைச்சேன்" என்று கொண்டையைக் கட்டிக்கொண்டு அம்மா உள்ளே போய்விட்டாள். சோறு குழையவில்லை.

அன்று மாமா வரைந்த அட்டையை என்னால் மறக்க முடியாது. டெங்கில் என்ற ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம். கரும்பச்சை மரங்களுக்கு நடுவே பச்சை உடம்போடு பேய் வருகிறாள். முடி பறக்கிறது. கையில் வளைந்த அரிவாள், கண்ணில் ரத்தச் சிவப்பு. நெற்றிப் பொட்டை அழிக்கக்கூடாது என்பதால் மாமா அதை ரத்தத்துளி மாதிரி கீழே லேசாக இழுத்துவிட்டிருந்தார். கழுத்தில் மண்டையோட்டு மாலை. மண்டையோடுகளின் கண்குழிகளையும் பற்களையும் கறுப்பில் வைக்காமல் நீலத்தில் வைத்தார். கறுப்பு அதிகமானால் படம் செத்துவிடும் என்பது அவர் கொள்கை. மேலே புத்தகத்தின் பெயரும் நீல எழுத்தில்தான்.

பாய் பார்த்துவிட்டு, "பல்லு எங்க?" என்றார். மாமா, "முறைக்கிறா பாருங்க பாய், பல்லு எதுக்கு?" என்றார். பாய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, சரி என்றார்.

வண்ண அட்டை எப்படி அச்சாகிறது என்று மாமா எனக்கு ஒருமுறை காட்டியிருக்கிறார். ஒரே படத்துக்கு நான்கு தகடுகள். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. அதே தாளை ஒவ்வொரு நிறத்துக்கும் மறுபடி மிஷினுக்குள் விட வேண்டும். மஞ்சள் மேல் நீலம் விழுந்தால் பச்சை. அந்த மாதம் மஞ்சள் ஓடிவிட்டது, சிவப்பும் ஓடிவிட்டது. நீலத்துக்கு மை டின்னைத் திறந்தால் அடியில் ஒரு விரல் தடவக்கூட இல்லை. அதற்கு முந்தின வாரங்களில் பாய் தைப்பூச நோட்டீஸும் அழைப்பிதழும் மலை மலையாக அடித்திருந்தார். ஒவ்வொன்றிலும் தோகை விரித்த மயில். இருந்த நீலத்தை எல்லாம் மயில் கொண்டுபோய்விட்டது. மை விற்கும் சீனக் கடைகளோ சீனப் பெருநாளுக்காக மூடிக் கிடந்தன. எப்போது திறப்பார்கள் என்று கதவில் எழுதியிருந்த சிவப்புத் தாளை பாயால் படிக்க முடியவில்லை.

காத்திருந்தால் புத்தகம் போகாது. பாய் நீலத்தை விட்டுவிட்டுக் கறுப்பை ஓட்டச் சொன்னார். "பேயிக்கு நீலம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்றாராம். அட்டைகள் எல்லாம் முடிந்து காய்ந்த பிறகுதான் புத்தகத்தின் பெயரும் நீலத் தகட்டில் இருந்தது அவருக்கு நினைவு வந்தது.

மாமா முதல் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, சோறு வேண்டாம் என்று போய்ப் படுத்துக்கொண்டார். நான் எடுத்துப் பார்த்தேன். பச்சை உடம்பு மஞ்சள் பூசிக் குளித்த உடம்பாகியிருந்தது. கரும்பச்சைத் தோட்டம் பொன்னாக ஜொலித்தது. மண்டையோடுகளின் கண்ணும் பல்லும் மறைந்து உருண்டை உருண்டையாக மஞ்சள் மட்டும் மிஞ்சி, கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை தொங்கியது. நெற்றியில் குங்குமம், கையில் ஆயுதம். மேலே பெயர் இல்லை. எதற்காவது பயப்பட வேண்டுமென்று தேடினேன். அந்தப் பார்வை ஒன்றுதான் இருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை பார்த்தாள். "யாருக்கும் என்னைத் தெரியாதுல்ல?" என்று மட்டும் கேட்டாள். மாமா போர்வைக்குள்ளிருந்து, "உன்னை இல்ல, என்னையே இனிமே யாருக்கும் தெரியாது" என்றார்.

ஆனால் அந்த மாதம் புத்தகம் தீர்ந்துபோனது. முதலில் செந்தூலிலிருந்து, பிறகு சாலாக் செலாத்தானிலிருந்து, பிறகு கிள்ளானிலிருந்து கடைக்காரர்கள் இன்னும் வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். வாங்குகிறவர்கள் எல்லாம் பெண்கள். கடையிலேயே அட்டையைக் கிழித்து எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பேய்க்கதையைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டுப் போகிறார்களாம். எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த மாதம் அட்டையில்லாத பேய்க்கதை இலவசமாகக் கிடைத்தது.

ஒருநாள் நான் மாமாவோடு அச்சகத்தில் இருந்தபோது ஒரு பெண்மணி தட்டில் பழத்தோடு வந்துவிட்டார். பாய்க்குக் கொடுக்கத்தான்.

"பாய், அந்த அம்மன் படம் இன்னும் அஞ்சு குடுங்க. என் மருமகளுக்கு அம்மை எறங்கிருச்சி."

"அம்மா, அது புத்தகத்து அட்டைம்மா. கதைக்குப் போட்டது."

"கதையா? என்னா கதை?"

பாய் மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். பேய் என்று சொன்னால் அந்த அம்மாவின் மனம் புண்படும். அம்மன் என்று சொன்னால் பொய் ஆகும். பாய் ஐந்து வேளையும் தொழுகிறவர். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "படம்மா. அது ஒரு படம்" என்றார்.

"உங்களுக்குத் தெரியாது பாய். பாவம், நீங்க என்னா பண்ணுவீங்க. அவளே வந்து உங்க மிஷின்ல உக்காந்திருக்கா" என்று அந்த அம்மா பழத்தட்டை வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பாய் ஒரு வாழைப்பழத்தை உரித்து எனக்குக் கொடுத்தார். "தம்பி, அடுத்த மாசம் பேயி பேயி மாதிரியே இருக்கணும்லா" என்றார் மாமாவிடம்.

இந்தச் சமயத்தில்தான் அடுத்த வீட்டு அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தார். பேக்டரியில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறி வந்தால் போதும். அதற்குப் பிறகு வெகு நாளைக்கு எடுக்கமாட்டார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சொல்ல வாயெடுத்த வார்த்தை எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதே வாரம் அத்தையும் பட்டறைக்குத் தொலைபேசியில் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு அம்மன் வந்திருக்கிறாளாம். ஞாயிறு பொங்கல் வைக்கிறாராம். எல்லாரும் வர வேண்டும்.

அத்தை சுடும் வடைக்காக மாமாவும் கூட வந்தார். கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து நடந்து போனோம். அத்தை வீட்டுக்குள் நுழைந்ததுமே சாம்பிராணி மணந்தது. சாமி மேடையின் நடுவில், பழைய படங்களை எல்லாம் இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, புதுச் சட்டத்துக்குள் கண்ணாடிக்குப் பின்னால், செம்பருத்தி மாலையோடு அம்மா இருந்தாள்.

எனக்குப் பின்னால் நின்ற அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. மாமா வந்த வழியே திரும்பப் பார்த்தார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பயபக்தியோடு விழுந்து கும்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்பா அம்மாவுக்கு முன்னால் விழுந்தது அந்த ஒரு தடவைதான் என்று மாமா பின்னாளில் சொல்லுவார்.

"கடைக்காரம்மா ஒண்ணே ஒண்ணு எனக்குன்னு எடுத்து வச்சிருந்தா" என்றார் அத்தை. "மத்த படத்துல எல்லாம் அம்மன் சிரிச்சிக்கிட்டு இருப்பா. இவ பாரு, எப்படிப் பாக்கிறா. காலையில விளக்கு வைக்கும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும். நான் ஏதோ பண்ணிட்ட மாதிரி."

அம்மா, "சரிங்க அண்ணி" என்றாள்.

அத்தை கற்பூரத் தட்டை ஏற்றிப் படத்துக்குக் காட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "கண்ணாடியைக் கழட்டு. திருநீறு பூசணும்."

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். கற்பூரத் தட்டு அம்மாவின் தாடைக்கு நேர் கீழே இருந்தது. வெளிச்சம் கீழிருந்து மேலே. நான் மடியில் கண்ணாடி வைத்துப் பிடித்த அதே வெளிச்சம். அத்தையின் கை திருநீற்றோடு பாதியில் நின்றது. அம்மாவைப் பார்த்தார். திரும்பிப் படத்தைப் பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார். மாமாவுக்கு இருமல் வந்து, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

"எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கேன்னு நெனச்சேன்" என்றார் அத்தை.

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் கண்ணுக்குக் கீழ எல்லாம் இப்படிக் கறுத்துக் கெடக்கு. எங்கம்மாவுக்குக் கடைசிக் காலத்துல இப்படித்தான் இருந்துச்சி. தூங்குறியா இல்லையா நீ?" என்று சொல்லி, நெற்றியில் திருநீற்றை அழுத்திப் பூசிவிட்டார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மாமாவின் இருமல் நின்றது. எங்கள் மூவருக்கும் ஒரே சமயத்தில் மூச்சு வந்தது.

சாப்பிடும்போது அத்தை அம்மனின் மகிமைகளைச் சொன்னார். எது சந்தேகமானாலும் இப்போதெல்லாம் அவள் முன்னால் பூப் போட்டுத்தான் பார்க்கிறாராம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இலையில் கட்டிப் போட்டுக் குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னால், வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். கூரை மாற்றுவது, கறிவேப்பிலை மரத்தை வெட்டுவது, எல்லாம் அவள் சொல்படிதான். அம்மா மோரை ஊற்றிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"அப்ப அந்தப் பேக்டரி விசயத்தையும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்போமா அண்ணி?"

அப்பாவின் வார்த்தை அம்மாவின் வாயிலிருந்து வந்ததும் அப்பாவே நிமிர்ந்து பார்த்தார். அத்தை கொஞ்சம் யோசித்தார். அம்மன் தன் பக்கம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. "கேளேன். அவ சரின்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார்.

"நீங்களே கட்டிப் போடுங்க அண்ணி."

"வேணாம். நான் கட்டினா நாளைக்கு நான் ஏதோ பண்ணிட்டேன்னு உனக்குத் தோணும். நீயே போய்ப் பறிச்சிக் கட்டு. வாசல்ல ரெண்டும் பூத்திருக்கு."

அம்மா வெளியே போய், வாழையிலைத் துண்டில் இரண்டு சிறு பொட்டலங்கள் கட்டிக்கொண்டு வந்தாள். அவற்றைப் படத்தின் முன்னால் வைத்தாள். அத்தை அவற்றை உள்ளங்கையில் குலுக்கி மறுபடி வைத்தார். என்னைக் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். கண்ணை மூடினேன். அம்மா காலையில் ஜன்னலில் நிற்பது நினைவு வந்தது. வெள்ளை வர வேண்டும் என்று, சட்டத்துக்குள் இருந்த அம்மாவிடமே வேண்டிக்கொண்டேன். அப்போது எனக்கு அது விசித்திரமாகத் தோன்றவில்லை. இடது பக்கம் இருந்ததை எடுத்தேன்.

அத்தை பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை.

அத்தை அதை அங்கேயும் இங்கேயும் திருப்பிப் பார்த்தார். படத்தை நிமிர்ந்து பார்த்தார். அம்மன் பார்வையை மாற்றவில்லை. "சொல்லிட்டா" என்றார் கடைசியில். அம்மாவின் பக்கம் திரும்பி, "ஆனா ராத்திரி ஷிப்டு வேணாம். அதை நான் அவகிட்ட கேக்க மாட்டேன், நானே சொல்றேன்" என்றார்.

"சரிங்க அண்ணி" என்றாள் அம்மா. இன்னொரு பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

புறப்படும்போது அத்தை உள்ளே போய், தன் கல்யாணத்துக்கு வந்த மூன்று அடுக்குத் தூக்குச் சட்டியைத் துடைத்துக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். பேக்டரிச் சாப்பாடு எப்படி இருக்குமோ என்றார். மூடி இறுக்கம், திறக்கும்போது பார்த்துத் திற என்றார்.

ரயிலில் அப்பா உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் இடுப்பிலிருந்து அந்தப் பொட்டலம் நழுவி இருக்கையில் விழுந்தது. சிவப்புச் செம்பருத்தியை எடுத்துச் சடையில் வைத்துக்கொள்ளலாம் என்று பிரித்தேன். உள்ளே வெள்ளை நந்தியாவட்டை இருந்தது.

என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மனுக்கு எவ்வளவு சக்தி இருந்தால் எடுக்காத பொட்டலத்துச் சிவப்பையும் வெள்ளையாக்கியிருப்பாள் என்று மாமாவின் காதில் சொன்னேன். மாமா பூவைப் பார்த்தார். தன் அக்காவைப் பார்த்தார். முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து, அவருக்கும் பக்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி என்னிடமிருந்து பூவை வாங்கி, ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

"தம்பி" என்றாள்.

"என்னக்கா?"

"அடுத்த தடவை பல்லும் வச்சிடு."

கோயில் கட்டும் அளவுக்கு ஜனங்கள் கும்பிடும்போது எதற்கு மறுபடி பல் வைத்துப் பேயாக வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. பாயின் மிஷினில் நீலம் காணாமல் போனது. அத்தை வீட்டு வாசலில் சிவப்பு காணாமல் போனது. அந்த வருடம் நிறங்களுக்கே ஏதோ ஆகிவிட்டது என்று நம்பி, பள்ளியில் என் பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடம் ரகசியமாகச் சொல்லியும் வைத்தேன். நான் வாயைத் திறந்து பள்ளியில் சொன்ன ஒரே அதிசயம் அதுதான். அவள் நம்பினாள்.

மறுநாள் திங்கட்கிழமை. இருட்டு விலகுவதற்குள் பேக்டரி பஸ் வந்தது. அம்மா தூக்குச் சட்டியோடு ஏறிப் போனாள். நான் பள்ளிக்குப் போனேன். மத்தியானம் மாமா முட்டை பொரித்துப் போட்டார். உப்பு அதிகம்.